கட்டுப் பிரித்த பிறகுதான் வேலையே

மும்பைத் தமிழர்கள் வாழும் தாராவியிலும் செம்பூரிலும் ‘கண் ஆபரேஷன்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருவேறு சிகிச்சைகள் அடங்கிக் கிடக்கின்றன. புரை எடுத்து லென்ஸ் வைத்துக்கொண்டவர் பெரும்பாலும் சில நாட்களிலேயே பஸ் எண்ணைப் படித்துவிடுகிறார். அதோடு கருவிழியையும் மாற்றிக்கொண்டவருக்கு அந்த எண் தெளிய ஒரு வருடம்கூட ஆகலாம். முழுக் கருவிழியை மாற்றும்போது, தானமாக வந்த வட்டத்தைத் தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் சுற்றிலும் தைக்கிறார்கள். அங்கே ரத்தக் குழாய் கிடையாது. புண் ஆற வெகுநாளாகும். தையல் இழுக்கிற இழுப்பில் வளைவு கோணும், பார்வையும் கோணும். மாதக்கணக்கில் தையல்களை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில்தான் நிலையான கண்ணாடி எழுத முடியும். லென்ஸின் பவரும் உத்தேசம்தான். புதிய கருவிழி எப்படி வளையும் என்பது ஆபரேஷன் நாளில் யாருக்கும் தெரியாது. உள்ளடுக்கை மட்டும் மாற்றும் முறையில் பார்வை சீக்கிரம் தெளியும். ஆனால் அடிபட்டுத் தழும்பேறிய கண்ணுக்கு அது போதாது.

இந்தியாவில் கருவிழி மாற்றத்தை முதலில் செய்தவர் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையின் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா, 1948-ல். மறு வருடமே லண்டனில் ஹெரால்ட் ரிட்லி கண்ணுக்குள் முதல் லென்ஸை வைத்தார். 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் அந்த லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. ஆக, கையும் பொருளும் நமக்குப் பழகிவிட்டன. பழகாதது, ஆபரேஷனுக்குப் பிந்தைய ஓராண்டைக் கவனிப்பது. உடல் புதிய கருவிழியை ஏற்க மறுத்தால் கண் சிவக்கும், கூசும், பார்வை மங்கும். நம்மவர்கள் அதை ‘மெட்ராஸ் ஐ’ என்று எண்ணி மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கிவிட்டு, கோயில் கொடைக்குத் திருநெல்வேலி ரயில் ஏறிவிடக்கூடும். உள்ளடுக்குச் செல்கள் இறந்தால் மீண்டும் வளர்வதில்லை. தவறுவது ஒருவர் பார்வை மட்டுமல்ல, ஒரு குடும்பம் துக்கத்தின் நடுவே கொடுத்த தானமும்தான். எத்தனை கண் பொருத்தினோம் என்பதோடு, ஓராண்டு கழித்து எத்தனை பேருக்குத் தெரிகிறது என்பதையும் மருத்துவமனைகள் கணக்குக் காட்ட வேண்டும்.

சயான் போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளின் கூட்டத்தில் இந்த ஓராண்டுக் கவனிப்பு ஆகிற காரியமா என்று கேட்கலாம். எல்லா வரவுக்கும் நிபுணர் தேவையில்லை. சிவப்பு இருக்கிறதா, சொட்டு மருந்து விடுகிறாரா, எழுத்துப் பலகையில் எத்தனையாவது வரி என்று பார்த்து, சந்தேகம் வந்தால் அன்றே அனுப்பிவைக்கப் பேட்டைக்குப் பேட்டை இருக்கும் மாநகராட்சியின் சிறு மருத்துவ நிலையமான ‘ஆப்லா தவாகானா’ போதும். கருவிழியை முதலில் மாற்றி, தையல் பிரித்தபின் லென்ஸ் வைத்தால் பவர் துல்லியமாக இருக்குமே என்பது இரண்டையும் ஒன்றாகச் செய்வதற்கு எதிரான இன்னும் வலுவான வாதம். உண்மைதான். ஆனால் இரண்டாவது ஆபரேஷன் புதுக் கருவிழியின் செல்களைக் கொஞ்சம் காவு வாங்கும். தினக்கூலிக்காரருக்கு இரண்டு முறை வேலை போகும். 2015-19 தேசிய ஆய்வின்படி 50 வயதுக்குட்பட்டோரின் பார்வையிழப்பில் கருவிழி நோயின் பங்கு 37.5 விழுக்காடு, உழைக்கிற வயது இது. என் கணக்கில் இவர்களில் பலருக்கு ஒரே ஆபரேஷன்தான் சரி, பிறகு கண்ணாடி தவிர்க்க முடியாது என்று முன்பே சொல்லிவிட்டால்.

ஒரு வருடம் என்றால் பயந்து வராமலே போய்விடுவார்கள் என்பார்கள். தெரியாமல் வந்து மூன்றாம் மாதம் நம்பிக்கையிழந்து மருந்தை நிறுத்துவது அதைவிட மோசம். சம்மதப் படிவத்தோடு தமிழிலும் ஒரு தாள் கொடுக்கலாம்: கண் சிவந்தால் மெட்ராஸ் ஐ என்று இருந்துவிடாதீர்கள், அன்றைக்கே வாருங்கள்.