ஆங்கிலம் பிறகு, அனுமதி முதலில்

மருத்துவத் துறையில் கால்வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு கூடுதல் கவலை. ஹவுஸ்மேன்ஷிப் முடித்து, நிபுணத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போனால், "ஆய்விதழில் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?" என்ற கேள்வி வருகிறது. தாதியரையும் மருந்தாளரையும் கூட இந்தக் கேள்வி விடுவதில்லை. கட்டுரை எழுத வேண்டும் என்று என்னிடம் வருகிற இளையோரில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "என் ஆங்கிலம் போதுமா?" என்பதுதான்.

ஆங்கிலத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். நண்பர் திருத்துவார், மேற்பார்வையாளர் திருத்துவார், ஏற்றுக்கொண்ட பின் இதழே திருத்தும். ஆனால் ஒரு மருத்துவக் கட்டுரையில் பிறகு திருத்தவே முடியாத மூன்று உண்டு: நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளியின் ஒப்புதல், கட்டுரையில் யார் யார் பெயர் வரும் என்பது. எழுத உட்காருவதற்கு முன்பே இவை சரியாக இருக்க வேண்டும். இந்த வாரம் அவற்றிலிருந்தே தொடங்குவோம்.

அதற்கு முன், எதற்காக எழுத வேண்டும்? பதவி உயர்வுக்கு மட்டும்தானா?

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேரை நோய் தாக்கி, 105 பேர் மாண்டார்கள். சிங்கப்பூரிலும் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் 'லான்செட்' இதழில் நம் மருத்துவர்களின் கட்டுரை ஒன்று வந்தது. அதில் இருந்தவர்கள் இறந்துபோன மூன்று நோயாளிகள் மட்டுமே. கட்டுரையின் நீளமும் மூன்று பக்கம்தான். அதற்குப் பின்னால் மேலும் பல கட்டுரைகள் இங்கிருந்து போயின. 2018-இல் கேரளாவின் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல் வந்தபோது, அங்குள்ள மருத்துவர்கள் நிப்பாவாக இருக்குமோ என்று சந்தேகித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சந்தேகிக்க ஒரு பெயர் அவர்களுக்குக் கிடைத்தது, இங்கே எழுதி வைத்திருந்ததால்தான். வார்டில் பார்த்ததை வார்டோடு விட்டிருந்தால் அந்த அறிவும் அங்கேயே முடிந்திருக்கும்.

இனி அந்த மூன்றுக்கு வருவோம்.

முதலாவது, அனுமதி. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளிலோ கிளினிக்குகளிலோ ஆய்வு செய்வதானால், முதலில் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். பிறகு அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு அதைப் பார்க்கும். பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குத் தனிக் குழுக்கள் உண்டு. சிங்கப்பூரிலும் மருத்துவமனைக் குழுமங்களுக்கு இத்தகைய குழுக்கள் இருக்கின்றன. பலர் நினைப்பது, "பழைய கோப்புகளைத்தானே புரட்டுகிறேன், யாருக்கும் ஊசி போடவில்லையே, எனக்கெதற்கு அனுமதி?" என்று. கோப்பில் இருப்பதும் ஒருவருடைய அந்தரங்கம்தான். கேள்வித்தாள் கொடுத்துத் தாதியரிடம் பதில் வாங்குவதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். விலக்கு உண்டா இல்லையா என்பதைக் குழுதான் சொல்ல வேண்டும், நாமே சொல்லிக்கொள்ளக் கூடாது. தரவு திரட்டி முடித்துவிட்டுப் பின்தேதியிட்டு அனுமதி கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. ஆறு மாத உழைப்பு அலமாரியில் கிடக்கும்.

இது வெறும் காகித வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். 1998 பிப்ரவரியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சக மருத்துவர்களும் லான்செட்டில் 12 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயம் அதிலிருந்து கிளம்பியது. 2010-இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அப்போது குறிப்பிட்டுச் சொன்ன காரணங்கள் இரண்டு. குழந்தைகள் வரிசையாக, தானாகப் பரிந்துரைக்கப்பட்டு வந்தவர்கள் என்று எழுதியது பொய். சோதனைகளுக்கு நெறிமுறைக் குழு அனுமதி தந்தது என்று எழுதியதும் பொய். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கட்டுரை போனது, பயம் இன்னும் போகவில்லை. நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது, நோயாளியின் ஒப்புதல். இளம் மருத்துவர்களின் முதல் கட்டுரை பெரும்பாலும் ஒரே நோயாளியைப் பற்றிய 'கேஸ் ரிப்போர்ட்' ஆகத்தான் இருக்கும். பெயரை எடுத்துவிட்டால் போதும், படத்தில் கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் அனைத்துலகக் குழு, கண்ணை மறைப்பது மட்டும் போதாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நம் ஊர்களுக்கு இது இன்னும் பொருந்தும். "ஒரு சிறுநகரக் கோயிலின் 53 வயது குருக்கள்" என்று எழுதிப் பாருங்கள். அந்த ஊரில் அது யாரென்று தெரியாதவர் யார்? தொழிலும் ஊரும் சிகிச்சைக்குத் தேவையில்லை என்றால் அவற்றை எடுத்துவிடுங்கள். வயதை மாற்றிப் போடுவது, பெண்ணை ஆணாக்குவது போன்ற வேலை வேண்டாம். அது மறைப்பது ஆகாது, தரவைத் திரிப்பது ஆகும்.

எழுத்துப்பூர்வமான ஒப்புதலை, நோயாளி வீடு திரும்புவதற்கு முன்பே வாங்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டதும் இதுவும் வேறு வேறு. ஆங்கிலத் தாளை நீட்டி, "இங்கே கையெழுத்து, அம்மா" என்று சொல்வது ஒப்புதல் ஆகாது. தமிழிலோ மலாயிலோ அவருக்குப் புரிகிற மொழியில் உட்கார்ந்து சொல்லுங்கள்: உங்கள் நோயைப் பற்றி எழுதப் போகிறோம், பெயர் வராது, ஆனாலும் தெரிந்தவர்கள் கண்டுபிடிக்கக்கூடும், மாட்டேன் என்றாலும் உங்கள் சிகிச்சையில் ஒரு குறையும் வராது. முடிந்தால் எழுதியதை அவருக்குக் காட்டுங்கள். நோயாளி இறந்துவிட்டால் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்து, மாறிப்போன தொலைபேசி எண்ணில் அவர்களைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பது தேடியவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, பெயர்கள். வெளியே பேசாவிட்டாலும் நட்பையும் வேலையிடத்து உறவையும் அதிகம் கெடுப்பது இதுதான். துறைத் தலைவர் ஒரு வரி படிக்கவில்லை, ஆனால் அவர் பெயர் வேண்டும் என்கிறார்கள். இரவு பகலாகக் கோப்பு புரட்டிய தாதியின் பெயர் காணாமல் போகிறது.

மேலே சொன்ன அனைத்துலகக் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவைத் திரட்டுவதிலோ, அலசுவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ, கருத்து நோக்கில் திருத்தியோ இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்குச் சம்மதம் தந்திருக்க வேண்டும். கட்டுரையைப் பற்றி யார் கேள்வி கேட்டாலும் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் பெயர். பணம் வாங்கித் தந்தவர், பொதுவாக மேற்பார்வை செய்தவர் ஆகியோருக்கு நன்றியுரையில் இடம் உண்டு. தரவு திரட்டியவரை, "நீ எழுதவில்லையே" என்று கழற்றிவிடவும் இந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது. எழுதவும் திருத்தவும் அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஏ.ஐ. செயலிகளின் பெயரைப் போட முடியாது, அவற்றால் பொறுப்பேற்க முடியாதே. பயன்படுத்தியிருந்தால் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது நிபந்தனையை இலேசாக நினைக்காதீர்கள். 2020 மே 22-இல் லான்செட்டில் 96,032 கோவிட் நோயாளிகளின் தரவை வைத்து ஒரு கட்டுரை வந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தால் ஆபத்து என்றது. உலகச் சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்துப் பிரிவைச் சில நாள் நிறுத்தி வைத்தது. தரவைத் தந்தது சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனம். மூலத் தரவைக் காட்டுங்கள் என்று கேட்டபோது முழுமையாகக் கிடைக்கவில்லை. ஜூன் 4-ஆம் தேதி, நால்வரில் மூவர், இந்தத் தரவுக்கு இனி எங்களால் உறுதி கூற முடியாது என்று கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த மருந்து பயன்படுமா இல்லையா என்பது வேறு கேள்வி. தாங்கள் கண்ணால் பார்க்காத தரவின் கீழ் பெயர் போட்டதுதான் இங்கே பாடம்.

ஆகவே முதல் கூட்டத்திலேயே யார் யார், எந்த வரிசையில் என்று பேசி, மின்னஞ்சலில் எழுதி வைத்துவிடுங்கள். பெரியவரிடம் இதைக் கேட்கச் சங்கடமாக இருந்தால், "டாக்டர், இதழ் ஒவ்வொருவரின் பங்கையும் எழுதித் தரச் சொல்கிறது. உங்களுடையதை என்னவென்று போடட்டும்?" என்று கேட்கலாம். பல இதழ்கள் அப்படிக் கேட்பது உண்மைதான். கேள்வியை இதழின் மேல் வைத்துவிட்டால் மரியாதையும் கெடாது.

இவை சரியானால் எழுதுவது அவ்வளவு கடினமில்லை. தலைப்பிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அட்டவணைகளையும் படங்களையும் தயார் செய்யுங்கள். அடுத்து, செய்த முறை. அதன்பின் கண்ட முடிவு, அதைப் பற்றிய விவாதம், முன்னுரை. சுருக்கமும் தலைப்பும் கடைசியில். விவாதத்தில் உங்கள் ஆய்வின் குறைகளை நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் சொல்வார். ஆய்வின் வகைக்கேற்ற சரிபார்ப்புப் பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன: மருந்துப் பரிசோதனைக்குக் கன்சார்ட், கவனிப்பு ஆய்வுக்கு ஸ்ட்ரோப், கேஸ் ரிப்போர்ட்டுக்குக் கேர். அனுப்புவதற்கு முன் ஒருவர் எண்களை மட்டும் பார்க்கட்டும். சுருக்கத்தில் 120 நோயாளிகள், அட்டவணையில் கூட்டினால் 118 என்றால், எத்தனை நல்ல ஆங்கிலமும் காப்பாற்றாது.

எந்த இதழுக்கு அனுப்புவது? உங்கள் கட்டுரை யாருக்குப் பயன்படும் என்று யோசியுங்கள். நம் நாட்டுக் கிளினிக்குகளுக்குப் பயன்படும் செய்திக்கு நம் இதழே பொருத்தம். மலேசிய மருத்துவச் சங்கம் வெளியிடும் 'மெடிக்கல் ஜர்னல் ஆஃப் மலேசியா'வின் வேர் 1890-இல் தொடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் மருத்துவச் சங்க இதழில் இருக்கிறது. 'சிங்கப்பூர் மெடிக்கல் ஜர்னல்' 1960-இலிருந்து வருகிறது. இவை எளிதில் ஏற்றுக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம், ஆனால் நம் நோயாளிகளைத் தெரிந்தவர்கள் படிப்பார்கள்.

மின்னஞ்சலில், "மாண்புமிகு பேராசிரியரே, தங்கள் அரிய கட்டுரையை எதிர்பார்க்கிறோம், ஐந்து நாளில் ஏற்பு" என்று வருபவற்றை நம்பாதீர்கள். பணம் வாங்குவதாலேயே ஓர் இதழ் மோசடி ஆகிவிடாது. எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் நல்ல இதழ்களிலும் பல கட்டணம் கேட்கின்றன. மதிப்பீடே இல்லாமல் பணம் மட்டும் வாங்குவதுதான் மோசடி. அங்கே ஒருமுறை வெளிவந்துவிட்டால் நல்ல கட்டுரையை வேறெங்கும் தர முடியாது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையானவர்களா, மெட்லைன் பட்டியலில் இதழ் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

அனுப்பும் நாளில் சில விஷயங்கள். ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். பெண் பார்ப்பதுபோல் நான்கு இடத்தில் சொல்லி வைத்தால் நான்கும் போய்விடும். அமைச்சின் கீழ் நடந்த ஆய்வென்றால், வெளியிடச் சுகாதாரத் தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். பதிவேட்டு எண்ணைச் செய்முறைப் பகுதியில் குறிப்பிடுங்கள். நிதி தந்தவர், மருந்து நிறுவனத் தொடர்பு எதையும் மறைக்காதீர்கள். மதிப்பீட்டாளருக்குப் பெயர் தெரியக் கூடாது என்று இதழ் சொன்னால், முதல் பக்கத்தைத் தனிக் கோப்பாக அனுப்புங்கள்.

பதில் பெரும்பாலும் 'இல்லை' என்றோ, 'திருத்தி அனுப்பு' என்றோதான் வரும். இரண்டாவது நல்ல செய்தி. ஒவ்வொரு குறிப்பையும் எடுத்தெழுதி, அதன் கீழ் என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று பதில் சொல்லுங்கள். உடன்படாத இடத்தில் காரணத்தோடு மறுக்கலாம். நிராகரித்தால் ஒரு வாரம் கழித்து எடுத்து, அவர்கள் சொன்னதைத் திருத்தி, அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். அதே மதிப்பீட்டாளரிடம் அது மீண்டும் போவதும் உண்டு.

மருத்துவத் துறையில் இல்லாத வாசகர்களுக்கும் ஒன்று. ஒருநாள் உங்கள் படுக்கையருகே ஓர் இளம் மருத்துவர் தாளோடு வந்து, உங்கள் நோயைப் பற்றி எழுதலாமா என்று கேட்கக்கூடும். என்ன எழுதுவார், எந்தப் படம் வரும், யார் படிப்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். புரிந்தால் கையெழுத்திடுங்கள், விருப்பமில்லை என்றால் மறுத்துவிடுங்கள். ஒப்புக்கொண்டால், நீங்கள் என்றும் பார்க்கப் போகாத ஒரு நோயாளிக்கு நீங்கள் செய்த உதவி அது.