இலைக்கும் மூச்சு உண்டுங்க

எங்க கருங்குழி பக்கம் நவரை நெல்லு கதிர் விடுற நேரம் இது. விடியக்காலம் வயல்ல இறங்கி ஏறினா வேட்டி கருப்பாயிடுது. பக்கத்து அரிசி ஆலையில உமி எரிச்சு நெல்லு அவிக்கிறாங்க. ராத்திரி பறக்கிற கரித்தூள் பனி ஈரத்துல இலையோட ஒட்டிக்குது.

கதிரை ஒட்டி இருக்கிற கடைசி இலைக்குக் கண்ணாடி இலைன்னு பேரு. மணியில பால் பிடிக்கப் பெரும்பங்கு சத்து அதுலதான் வருது. அது மேல கரி படிஞ்சா வெயிலும் படாது, இலைத்துளையும் அடைச்சுக்கும். அப்புறம் தூத்தினா பதருதான்.

'தண்ணி அடிச்சுக் கழுவுங்க'ன்னார் ஒரு அதிகாரி. நாலு ஏக்கரையுமா சார்?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்ச விஞ்ஞானி ராமநாதனும் ஜெனிஃபர் பர்னியும் 2014ல ஒரு கணக்கு சொன்னாங்க. வெப்பமும் காத்து மாசும் சேர்ந்து 2010ல இந்தியக் கோதுமை விளைச்சலை 36 சதவீதம் வரைக்கும் குறைச்சிருக்கு. அதுல பெரும்பங்கு கரிக்கும் ஓசோனுக்கும். வானத்துல மிதக்கிற கரிக்கே இந்தக் கதின்னா, இலை மேலயே குந்தியிருக்கிற கரி என்ன பண்ணும்?

வெள்ளம், வறட்சி, பூச்சிக்குப் பயிர்க் காப்பீடு உண்டு. கரிக்கு இல்ல. செடிக்குக் கெடுதல் பண்றதும் மாசுதான்னு 1981 காற்று மாசுச் சட்டமே சொல்லுது. ஆனா புகைபோக்கியை அளக்கறவங்க யாரும் வரப்புல கால் வைக்கிறதில்ல.

ஆலையை மூடச் சொல்லலீங்க. தூசி வடிகட்டி ராத்திரியும் ஓடட்டும். கருகின பயிருக்கு ஆலை காசு குடுக்கட்டும். பட்டணத்துல உங்க தட்டுல சோறு வெளுப்பா இருக்க, இங்க எங்க பயிர் கருக்கணுமா?