விழித்திரைக்கு எந்த டாக்டர்?



"அப்பாவுக்குச் சர்க்கரையால் கண் நரம்பு பாதித்திருக்கிறதாம். எந்த டாக்டரிடம் காட்டலாம்?" என்று கேட்டு எழுதுகிறீர்கள். ஒரு பெயரை எழுதிவிட எனக்கு மனம் வருவதில்லை. விழித்திரை நோய்களில் சில மணிக்கணக்கில் அவசரமானவை. சில ஆண்டுக்கணக்கில் கூடவே வருபவை. டாக்டரைத் தேடும் விதமும் அதற்கேற்ப மாறவேண்டும்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணில் திடீரென மின்னல் வெட்டினால், கரும்புள்ளிகள் கொத்தாக மிதந்தால், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருட்டினால், விழித்திரை கிழிந்திருக்கலாம், பிரிந்துகொண்டும் இருக்கலாம். வலி இருக்காது. அதனால்தான் 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்று விட்டுவிடுகிறோம். நடுப்பார்வைக்குரிய மாக்குலா பிரிவதற்குள் ஆபரேஷன் நடந்தால் நல்ல பார்வை தங்க வாய்ப்பு அதிகம். அதுவும் பிரிந்துவிட்டால், திரையை ஒட்டவைத்தபிறகும் பழைய கூர்மை முழுதாகத் திரும்புவது அரிது. அப்படிப்பட்ட நேரத்தில் புகழ்பெற்ற ஒருவரின் அப்பாயின்ட்மென்டுக்காக இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. இன்றோ நாளையோ ஆபரேஷன் செய்யக்கூடிய விழித்திரை நிபுணரிடம் ஓடுங்கள்.

சர்க்கரையின் கதை வேறு. விழித்திரையில் வரும் நீர்வீக்கத்துக்காகக் கண்ணுக்குள் போடும் ஊசி முதலில் பெரும்பாலும் மாதம் ஒன்றாகத் தொடங்கும். நிலைமையைப் பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள். பாதியில் நிறுத்தினால் நீர்வீக்கம் திரும்பும். ஒவ்வொரு முறையும் மகன் லீவு போட்டு இரவுப் பஸ்ஸில் கூட்டிப்போக வேண்டிய ஊரில் இருக்கும் டாக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நாலாவது ஊசிக்குள் போக்குவரத்து நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் தகுதியான ஒருவரே இங்கே மேலானவர் என்பது என் உறுதியான எண்ணம்.

தகுதி என்றால் என்ன? கண் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து, அதன்மேல் விழித்திரைக்கென்றே தனிப்பயிற்சி பெற்றிருக்க வேண்டும். கண்புரை ஆபரேஷனில் கைராசிக்காரர் என்பது மட்டும் இதற்குப் போதாது. "ரெட்டினாவுக்குத் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஓ.சி.டி. ஸ்கேன், லேசர், விட்ரெக்டமி செய்யும் வசதி எல்லாம் அங்கேயே உண்டா என்றும் விசாரியுங்கள். கண்ணுக்குள் இருக்கும் கூழ்போன்ற திரவத்தை நுண்கருவியால் அகற்றும் இந்த விட்ரெக்டமியை ராபர்ட் மாக்கமர் என்ற மருத்துவர் அமெரிக்காவின் மயாமியில் 1970 வாக்கில் உருவாக்கினார். அதற்குமுன், உள்ளே கசிந்த ரத்தம் தானாகக் கரையாவிட்டால் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு கொடுத்துவைத்தது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது இருந்தவை 11 படுக்கைகள். 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய டாக்டர் பத்ரிநாத் விழித்திரை அறுவை நிபுணர். இப்படிப்பட்ட இடங்களில் பயின்றவர்களை இன்று சென்னை, மதுரைக்கு வெளியேயும் பார்க்கலாம்.

ஆபரேஷன் என்று முடிவானால் முதலில் கேட்கவேண்டியது: "பார்வை கூடுமா, இருப்பதைக் காப்பாற்றவா?" இதற்கு நேராகப் பதில் சொல்கிறவரை நம்பலாம். பிரிந்த விழித்திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் வைப்பது வாயுவா, சிலிக்கான் எண்ணெயா என்றும் கேளுங்கள். வாயு என்றால் அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. ஊட்டி, கொடைக்கானல் பயணமும் வேண்டாம். உயரம் போகப்போக வாயு விரிந்து கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். எண்ணெய் என்றால் பின்னால் அதை எடுக்கப் பெரும்பாலும் இன்னொரு ஆபரேஷன் உண்டு. அந்தச் செலவையும் இப்போதே கேட்டுவிடுங்கள். சில நாள் குப்புறப் படுக்கச் சொல்லலாம் என்பதால் வீட்டில் துணைக்கு யார் என்பதையும் முடிவுசெய்யுங்கள். ஊசி மருந்துகளின் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. நம் வசதியைச் சொன்னால் முகம் சுளிக்காமல் மாற்று சொல்பவராக டாக்டர் இருக்கவேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள், பார்வை நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கொருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரையோடு கருவுற்றிருக்கும் தங்கைகள் முதல் மூன்று மாதத்திலேயே போய்வாருங்கள். மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். பைக்கை வீட்டில் வைத்துவிட்டு, டாக்டர் சொல்வதைக் கூட இருந்து கேட்டுக்கொள்ள ஒருவரை அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்