துடுப்பு யார் கையில்?

மீன்பிடிக்கக் கயாக் வாங்கப் போகும் இரண்டு நண்பர்களோ ஒரு தம்பதியோ கடையில் முதலில் போடுவது பணக் கணக்குதான். ஒருவர் அமரும் கயாக் இரண்டு வாங்குவதைவிட இருவர் அமரும் கயாக் ஒன்றை வாங்கினால் செலவு குறையும். வீட்டில் அது அடைக்கும் இடமும் குறைவு. காரின் கூரையில் ஒன்றை மட்டும் ஏற்றினால் போதும். பேசிக்கொண்டே போகலாம் என்ற ஆசையும் சேர்ந்துகொள்ள, இரட்டைக் கயாக் வீடு வந்து சேர்கிறது. இத்தனையும் யோசித்தவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. தண்ணீரில் இறங்கிய பிறகு துடுப்பு யார் கையில் இருக்கும்?

தூண்டில் வீசவும் நரம்பைச் சுற்றவும் இரு கைகள் வேண்டும். துடுப்புப் போடவும் இரு கைகள் வேண்டும். காற்றும் நீரோட்டமும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. துடுப்பைக் கீழே வைத்த அடுத்த நிமிடமே கயாக் தன் போக்கில் நகரத் தொடங்கிவிடும். ஆகவே ஒருவர் மீன் பிடிக்க, மற்றவர் மனமொப்பித் துடுப்புப் போடுவார் என்றால் இரட்டைக் கயாக் அருமையான தேர்வு. இருவருமே தூண்டில் போட ஆசைப்பட்டால் தனித்தனிக் கயாக்குகளே சரி. கயாக்கின் நெடிய வரலாறும் இதையே சொல்கிறது.

அலாஸ்காவின் தென்மேற்கே பசிபிக் கடலில் வளைந்து நீளும் அலூஷியன் தீவுகள் பெரும்பாலும் மரமற்றவை. அங்கு வாழும் உனங்கன் மக்கள், கரையொதுங்கும் கட்டைகளால் சட்டகம் கட்டி, அதன்மேல் கடற்சிங்கத் தோலைத் தைத்துக் கயாக் செய்தார்கள். ரஷ்யர்கள் அதைப் பைதார்கா என்றார்கள். ஒற்றை இருக்கைப் பைதார்காவில் போகும் வேட்டைக்காரர் ஒரு கையில் துடுப்பைப் பிடித்துப் படகு சாயாமல் பார்த்துக்கொள்வார். மறு கையால் எறிபலகையில் பொருத்திய ஈட்டியை வீசுவார். ஒரு கையால் வீசக்கூடிய ஆயுதம் என்பதால் ஒற்றைக் கயாக்கே போதுமானதாக இருந்தது.

கிழக்கே கோடியாக் தீவுப் பக்கம் நிலைமை வேறு. அங்குள்ள அலூடிக் மக்கள் கடல்நீர்நாயை வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடினார்கள். வில்லை வளைக்க இரு கைகளும் வேண்டும். அதனால் இரட்டை இருக்கைக் கயாக்கில் முன்னால் இருப்பவர் அம்பு எய்ய, பின்னால் இருப்பவர் துடுப்பைப் பிடித்துப் படகைக் காத்தார். 1741-இல் அலாஸ்காக் கரையைக் கண்ட விட்டஸ் பெரிங்கின் பயணக் குழு திரும்பியபோது, கடல்நீர்நாய்த் தோலின் மதிப்பு ரஷ்ய வணிகர்களுக்குத் தெரிந்தது. 1799-இல் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி உருவானது. உள்ளூர் மக்களைக் கட்டாயப்படுத்தி, நூற்றுக்கணக்கான பைதார்காக்களில் வேட்டைக்கு அனுப்பினார்கள். அந்த வேட்டைப் படைகளில் இரட்டைப் பைதார்காவே மிகுந்திருந்தது. கடல்நீர்நாய் அழிவின் விளிம்புக்குப் போய், 1911-இல் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை அந்த வேட்டையைத் தடுக்கும் வரை இந்தக் கொடுமையின் விளைவு நீண்டது.

மூன்று இருக்கைப் பைதார்கா ரஷ்யர் காலத்தில் வந்தது. நடுவில் அதிகாரியோ பாதிரியாரோ அமர்ந்திருப்பார். முன்னும் பின்னும் இருப்பவர்கள் துடுப்புப் போடுவார்கள். 1824 முதல் பத்தாண்டுகள் உனலாஸ்காத் தீவில் பணியாற்றிய பாதிரியார் இவான் வெனியாமினோவ் தீவுக்குத் தீவு சென்றது இப்படித்தான். இருக்கை ஒவ்வொன்று கூடியபோதும் அதற்குரிய வேலை முன்கூட்டியே முடிவாகியிருந்தது.

இன்றைய மீன்பிடிக் கயாக்குகளில் பெரும்பாலானவை மேலே அமரும் வகை. 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மாலிபுக் கரையில் டிம் நீமியர் என்பவர் இந்த வகையை உருவாக்கிப் பரப்பினார். நம் கட்டுமரத்தைப் போல இதிலும் உள்ளே நீர் தேங்க இடமில்லை. மேலே ஏறும் அலை தளத்தில் உள்ள துளைகள் வழியே கீழே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். தூண்டில்காரர்கள் இதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனாலும் துடுப்பா தூண்டிலா என்ற இழுபறி தீரவில்லை. அதைத் தீர்த்து வைத்தது பெடல். 1997-இல் ஹோபி நிறுவனம் காலால் மிதித்து ஓட்டும் மிராஜ் டிரைவை அறிமுகப்படுத்தியது. கயாக்கின் அடியில் இரண்டு துடுப்புச் சிறகுகள் பக்கவாட்டில் வீசி அதைத் தள்ளிச் செல்லும். பிறகு வேறு நிறுவனங்கள் சுழலும் விசிறி வைத்த பெடல்களைக் கொண்டுவந்தன. பின்னோக்கி மிதிக்கும் வசதியும் வந்ததால், காற்றடிக்கும் நேரத்திலும் ஒரே இடத்தில் நின்று தூண்டில் போட முடிகிறது. கோடியாக்கின் வில்லாளிக்குப் பின்னிருக்கைக்காரர் செய்து கொடுத்த வேலையை இன்று தூண்டில்காரரின் சொந்தக் கால்களே செய்கின்றன. இரட்டைக் கயாக்குக்கு இருந்த வலுவான காரணம் அதனால் பாதியாகக் குறைந்துவிட்டது.

பெடலுக்கும் ஒரு விலை உண்டு. ஹோபியின் புரோ ஆங்லர் 14 போன்ற பெரிய ஒற்றைக் கயாக், எல்லாம் பொருத்திய நிலையில் 60 கிலோவைத் தாண்டும். சக்கர வண்டியில்லாமல் ஒருவரால் அதைக் கரை வரை கொண்டுபோக முடியாது. நீர்ப்பாசி அடர்ந்த ஆழமற்ற குளங்களில் சிறகுகள் சிக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்துக்குத் துடுப்பால் ஓட்டும் எளிய ஒற்றைக் கயாக்கே ஏற்றது.

அடுத்து, சுமை. 12 அடி இரட்டைக் கயாக்குகள் பலவற்றின் சுமைத்திறன் 200 கிலோ அளவில் இருக்கும். அந்த எண் கயாக் மிதப்பதற்கான எல்லை. வசதியாக ஓட்ட வேண்டுமானால் அதில் 70 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள் அனுபவசாலிகள். அதாவது 140 கிலோ. ஆளுக்கு 75 கிலோ எடையுள்ள இருவர் அமர்ந்தாலே 150 கிலோ ஆகிவிடுகிறது. ஐஸ் பெட்டி, நங்கூரம், தண்ணீர், தூண்டில் பெட்டி, பிடித்த மீன் எதுவும் இன்னும் ஏறவே இல்லை. கயாக் அமிழ்ந்து மந்தமாகும். வடிகால் துளைகள் வழியே நீர் மேலேறி இருக்கையை நனைக்கும். விற்பனைச் சீட்டில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாமல், வாங்குமுன் தாளில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சுமையாவது எண்ணில் தெரியும். இட நெருக்கடி தண்ணீரில் இறங்கிய பிறகுதான் தெரியும். தூண்டில் கம்பு பெரும்பாலும் 7 அடி இருக்கும். இருவருக்கும் இடையிலுள்ள தூரம் அதைவிடக் குறைவு. பின்னால் இருப்பவர் தலைக்குமேல் கம்பை ஓங்கினால், மூன்று முனை முள் முன்னால் இருப்பவரின் காதருகே பாயும். அதனால் பக்கவாட்டில்தான் வீச வேண்டும். அதையும் சொல்லிவிட்டு வீச வேண்டும். ஒருவருக்கு மீன் மாட்டினால் மற்றவர் தன் நரம்பை உடனே சுற்றியாக வேண்டும், இல்லையேல் இரண்டும் பின்னிக்கொள்ளும். பாஸ் மீன் தேடிக் கரையோரமாக நகரும்போது புதிய இடத்தில் முதல் வீச்சு எப்போதும் முன்னிருக்கைக்கே கிடைக்கிறது. பின்னால் இருப்பவர் கலங்கிய நீரில் வீசிவிட்டுப் பொழுதைப் போக்க வேண்டியதுதான்.

இரட்டைக் கயாக்குக்கே உரிய பலங்களும் உண்டு. நீரில் படும் நீளம் கூடக்கூடப் படகின் வேக எல்லை உயரும். அடியில் அளந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். 12 அடிக்கு அது மணிக்கு சுமார் 8.6 கிலோமீட்டர், 17 அடிக்கு 10.2 கிலோமீட்டர். நீண்ட கயாக்கில் இருவர் சேர்ந்து துடுப்புப் போட்டால் தொலைவிலுள்ள பாறைத் திட்டுக்குக் களைப்பின்றிப் போய்வரலாம். ஒருவர் வலுவானவர், மற்றவர் சோர்ந்து போகிறவர் என்றாலும் இருவரும் பிரியாமல் கரை சேரலாம். அலாஸ்காக் கடலில் ஹாலிபட் என்ற தட்டைமீன் 200 கிலோவுக்கு மேலும் வளரும். அத்தகைய மீன் மாட்டிய வேளையில் படகைச் சமாளிக்க இன்னொரு ஜோடிக் கை இருப்பது பெரிய உதவி. இந்தப் பலன்கள் யாவும் இரண்டாமவர் தூண்டிலைத் தொடாதபோதே முழுதாகக் கிடைக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும்.

இருவர் ஒரே கயாக்கில் போனால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையைத்தான் முதலில் கைவிட வேண்டும். இரட்டைக் கயாக் கவிழ்ந்தால் இருவரும் ஒன்றாகத் தண்ணீரில் விழுவார்கள். உதவ மேலே யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டு ஒற்றைக் கயாக்குகள் அருகருகே போனால், ஒருவர் கவிழும்போது மற்றவர் நிமிர்ந்தே இருப்பார். கவிழ்ந்த கயாக்கை இழுத்து நிமிர்த்தி, தன் கயாக்கை அதனோடு ஒட்டிப் பிடித்து, விழுந்தவரை ஏறவைக்க அவரால் முடியும். குளிர்ந்த நீரில் இந்த உதவிக்குக் கிடைக்கும் அவகாசம் குறுகியது. மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்குப்படி, மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம். ஒருவர் அமர்ந்தாலும் இருவர் அமர்ந்தாலும் லைஃப் ஜாக்கெட்டை உடலில் மாட்டியிருக்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்தால் பயனில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அண்மை ஆண்டறிக்கைகளில், படகு விபத்துகளில் மூழ்கி இறந்தோரில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை அணியாதவர்களே.

அப்படியானால் இரட்டைக் கயாக் யாருக்கு? சிறு பிள்ளையை மீன்பிடிக்க அழைத்துப் போகும் பெற்றோருக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. பிள்ளை முன்னால் உட்கார்ந்து தூண்டில் போடும். பெரியவர் பின்னால் இருந்து ஓட்டுவார். தனியாகத் துடுப்புப் போட இயலாத முதியவருக்கும், பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும், முதன்முறையாகத் தண்ணீரில் இறங்குபவருக்கும் இதே ஏற்பாடு கைகொடுக்கும். இங்கே வேலைப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. பின்னிருக்கைக்காரர் மனநிறைவோடு செய்யும் வேலை அது.

அத்தகையவர்கள் வாங்கும்போது நடு இருக்கை பொருத்தக்கூடிய மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரட்டைக் கயாக்கின் பின்னிருக்கையில் ஒருவர் மட்டும் அமர்ந்தால் முன்பகுதி தூக்கிக்கொள்ளும். பக்கக் காற்று அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும். இருக்கையை நடுவுக்கு மாற்றினால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஒரு வார இறுதிக்கு இரு வகைகளையும் வாடகைக்கு எடுத்து, ஐஸ் பெட்டி உட்பட எல்லாச் சுமையோடும் ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கட்டலாம். பிள்ளை வளர்ந்து தானே ஓட்டும் வயது வந்ததும் அதன் உடலுக்கேற்ற ஒற்றைக் கயாக் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, பழைய இரட்டையின் நடு இருக்கைக்குப் பெரியவர் மாறிக்கொண்டால், செலவும் சில ஆண்டுகளுக்குப் பிரிந்துபோகும், இருவர் கையிலும் தூண்டில் இருக்கும்.