போர்ட் ஸயீத்: யாருடைய வெற்றி?

ஸூயஸ் போரைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரு வாய்பாட்டை ஒப்புவிக்கிறார்கள்: இராணுவ ரீதியில் வெற்றி, அரசியல் ரீதியில் தோல்வி. பிரித்தானியர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. நம்மவர்களும் அதையே எழுதிவைப்பதுதான் சகிக்கவில்லை. வாய்பாடு ஒப்புவிக்கும் பிள்ளையிடம்கூட, எங்கே கணக்கைச் செய்து காட்டு என்கிறோம். இதையும் செய்து பார்ப்போமே.

1956 ஜூலை 26இல் நாஸர் கால்வாய்க் கம்பனியைத் தேசியமயமாக்கினார். செப்டெம்பரில் வெளிநாட்டு மாலுமி வழிகாட்டிகள் வேலையை விட்டுப் போனார்கள். எகிப்தியரால் முடியாது என்றார்கள். முடிந்தது, கப்பல்கள் வழமைபோல் ஓடின. ஆக, கால்வாய் திறந்தே கிடந்தது.

ஒக்டோபர் 29இல் இஸ்ரேல் ஸினாய்க்குள் புகுந்தது. மறுநாளே பிரித்தானியாவும் பிரான்ஸும் இரு தரப்பையும் கால்வாயைவிட்டு விலகச் சொல்லிக் கெடு விதித்தன. சண்டையை விலக்க வந்த நடுவர்களாம்! இந்த நாடகத்துக்கு ஒக்டோபர் 24இலேயே பரிஸுக்கு அருகே செவ்ரில் மூன்று நாடுகளும் இரகசியமாக ஒப்பமிட்டிருந்தன.

நவம்பர் 5இல் பரசூட் படை குதித்தது. 6ஆம் திகதி விடியலில் போர்க்கப்பல்களின் பீரங்கி மறைவில் கொமாண்டோக்கள் கரையேறினர். கப்பலிலிருந்து ஹெலிகொப்டரிலும் படை இறக்கினார்கள். போர் வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை என்று நூல்கள் பூரிக்கின்றன. நள்ளிரவில் போர்நிறுத்தம். அதற்குள் கால்வாயின் கால்வாசித் தூரம்கூடப் போகவில்லை.

துறைமுகத்தைப் பிடித்தது எதற்கு? கால்வாயைக் காக்க. தாக்குதல் தொடங்கியதும் எகிப்து அதில் கப்பல்களை மூழ்கடித்தது. 1957 ஏப்ரலில்தான் வழி முழுமையாகத் திறந்தது. திறந்திருந்த கதவைக் காக்கப் போய் அதை அடைக்கவைத்தவர்களுக்கு இராணுவ வெற்றி என்ன வேண்டிக்கிடக்கிறது?

ஹெலிகொப்டருக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் நூல்கள், போர்ட் ஸயீதின் ஏழைகள் வாழ்ந்த எல் மனாக் பகுதி எரிந்து போனதை ஒரு வரியில் கடக்கின்றன. பிரித்தானிய அரசே அனுப்பிய சேர் எட்வின் ஹேர்பேர்ட், அந்நகரில் இறந்த எகிப்தியர் 650 பேரளவில் என்றார். எகிப்து சொன்ன தொகை அதைவிட அதிகம்.

நமக்கு இது தூரத்துக் கதையுமல்ல. 1882இல் இதே கால்வாய் வழியாகப் படை இறக்கி எகிப்தைப் பிடித்த பிரித்தானியாதான் ஒராபி பாஷாவை நமது தீவுக்கு நாடுகடத்தியது. ஸாஹிராவின் தோற்றத்தைப் பேசும்போதெல்லாம் அவர் பெயரை உச்சரிக்கிறோம். பிறகு பேனாவை எடுத்தால், அவரைத் துரத்தியவர்களின் சொல்லகராதி!

வெற்றி என்று எழுதும் நண்பர்கள், எல் மனாக்கைக் கணக்கின் எந்தப் பக்கத்தில் போடுகிறார்கள் என்பதையும் அடுத்த இதழில் எழுதட்டும்.