யாருடைய ஆறுதல்?

இடியாப்பமும் மீன்குழம்பும் என்றதும் நம் சிற்றிதழ்க் கட்டுரையாளர்களுக்குக் கண் கசிந்துவிடுகிறது. அந்த ஆறுதல் யாருக்கு என்று கேட்கிறோம். தென்னூரின் ஒரு வீட்டில் காலைத் தட்டில் அது விழ வேண்டுமானால், அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, இடித்து, சலித்து, வறுத்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து, சூடு ஆறுமுன் அச்சில் பிழிந்தாக வேண்டும். ஆறினால் மாவு இறுகும். அதன் வலி பிழிபவளின் தோளுக்குத்தான் தெரியும். உழவர் சந்தைச் சின்ன வெங்காயத்தை உரிப்பதும், மீனை ஆய்வதும் வேறு.

சூரைமீன் டப்பா, நூடுல்ஸ், காம்பெல் நிறுவனம் 1934-இல் கொண்டுவந்த காளான் சூப்பு ஆகியவற்றைக் கலந்து ஓவனில் வைத்தெடுக்கும் அமெரிக்கப் பண்டத்தை இவர்கள் ஏளனம் செய்கிறார்கள். அது சமைத்தவளுக்கும் ஆறுதல் தந்தது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். இங்கோ கடைமாவுப் பொட்டலத்தைப் பிரித்தாலே மரபு செத்ததென்று ஒப்பாரி!

1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்று அளவுகளோடு எழுதினார் (அதில் மீன் இல்லை என்பது வேறு கதை). தலைப்பு ஓர் அழைப்பு. அதை ஏற்ற இலக்கியவாதிகள் எத்தனை பேர்? கைப்பிழிவுதான் வேண்டுமென்போர் நாளைக் காலை அச்சைப் பிடிக்கட்டும். மீனையும் அவர்களே ஆயட்டும்.