ஆம்புலன்ஸ் தொழிலாளிக்குச் சட்ட அங்கீகாரம்

மில்லில் பெல்ட்டில் கை சிக்கினாலும், வயலில் பாம்பு தீண்டினாலும் நாம் கூப்பிடுவது 108 ஆம்புலன்ஸைத்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் இருப்பது டாக்டர் கையில் அல்ல. வண்டியில் உடன் வரும் அவசர மருத்துவ உதவியாளர் கையில். ரத்தப் பெருக்கை அடக்குவதும், பிராணவாயு கொடுப்பதும், வழியிலேயே பிரசவம் பார்ப்பதும் அவர்தான்.

டாக்டருக்கும் நர்ஸுக்கும் கவுன்சில் உண்டு, பதிவு உண்டு. இவருக்கு நெடுங்காலம் எதுவும் இல்லை. எவ்வளவு பயிற்சி போதும் என்பதை வேலைக்கு வைப்பவரே தீர்மானித்தார். 2021ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசியக் கமிஷன் சட்டம் இவரையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆறு மாதத்திற்குள் மாநிலக் கவுன்சில்கள் அமைய வேண்டும் என்றும் கெடு வைத்தது. கெடு காற்றில் பறந்தது. மூன்று ஆண்டுகள் கழிந்த பின், 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, அக்டோபர் 12ந் தேதிக்குள் சட்டத்தை அமல் நடத்துமாறு உத்தரவிட வேண்டியதாயிற்று.

சட்டத்தை நாம் வரவேற்கிறோம். தகுதியற்றவரைக் குறைந்த சம்பளத்திற்கு வண்டியில் ஏற்றி அனுப்புவது நின்றால், நன்மை ஏழைகளுக்கே. ஆனால் சட்டத்தின் பாரம் யார் தலையில் விழப்போகிறது என்பதே கேள்வி.

இத்தகைய தொழில்களில் சேரக் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அன்று முதல், நிர்வாகம் தந்த குறுகிய காலப் பயிற்சியோடு இரவு பகலாக உழைத்து உயிர்களைக் காத்தவர்களை, "உன்னிடம் சர்டிபிகேட் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்புவதா? பயிற்சி குறைவு என்றால் குற்றம் தொழிலாளியுடையதல்ல. அவ்வளவே போதும் என்றிருந்தவர்களுடையது.

12 மணி நேர வேலையை எதிர்த்து 108 ஊழியர்கள் பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பி வருகிறார்கள். கண் அயர்ந்தவன் கையில் எந்த சர்டிபிகேட் இருந்து என்ன பயன்? தகுதியை அளக்கும் சட்டம் வேலை நேரத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே நாம் கோருகிறோம்: வேலையிலிருப்போர் அனைவருக்கும் சம்பளத்துடன், சர்க்கார் செலவில் மேல்பயிற்சி அளித்துப் பதிவு செய்க! 8 மணி நேர வேலையை உறுதி செய்க! மாநிலக் கவுன்சிலில் ஆம்புலன்ஸ் தொழிலாளரின் பிரதிநிதிகளுக்கு இடம் அளித்திடுக!

இது அவர்கள் கோரிக்கை மட்டுமல்ல. அந்த வண்டியில் நாளை படுத்திருக்கப் போவது நாமாகவும் இருக்கலாம். ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் இதைத் தங்கள் கோரிக்கையாகவே ஏற்றுக் குரல் கொடுக்க வேண்டும்.